ஒருவர் கதை புராணம்... இருவர் கதை வரலாறு!

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தை எப்படிச் சொல்லித் தருவது? வாழ்க்கை வரலாறுகள் திறந்துவிடும் பாதையும், அதில் இருக்கும் பள்ளங்களும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரை உலுக்கிக் கேட்டாலும் சரித்திரப் பாடத்திலிருந்து ஒரு வரி கட்டாயம் வந்து விழும்: அசோகர் சாலையோரம் மரம் நட்டார். கூடவே கிணறு வெட்டியதும் வரும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். மரம் நட்ட அந்த மனிதர் யார் என்பதுதான் யாருக்கும் நினைவிருக்காது.

அந்த மனிதரே தன்னைப் பற்றிப் பாறையில் எழுதிவைத்திருக்கிறார். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் ஊரைவிட்டு இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்று கணக்குச் சொல்லி, அதற்காக வருந்துகிறது அவருடைய 13-வது பாறைக் கல்வெட்டு. ஜெயித்த ராஜா தன் வெற்றிக்காக வருத்தப்பட்டதே அபூர்வம். அதிலும் விசேஷமான செய்தி ஒன்று உண்டு. கலிங்கத்துக்குள்ளேயே தௌலி, ஜௌகடா என்ற இரண்டு இடங்களில் அவருடைய கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கே மட்டும் இந்த 13-வது கல்வெட்டைக் காணோம். குடிகளை நியாயமாக நடத்துங்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் தனி உத்தரவுகள்தான் அந்த இடத்தில் இருக்கின்றன.

ஊரெல்லாம் வருத்தம் சொன்னவர், அடிபட்ட ஊரில் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? வெட்கமா, பயமா, அரசியல் கணக்கா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆய்வாளர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகச் சரித்திரத்துக்குள் நுழைந்தால் இப்படிப்பட்ட கேள்விகள் கிடைக்கும். ஆனால், ஒரே கேள்வியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்க நாற்பது நிமிட பீரியடுக்கு வசதியில்லை. வீட்டுக்கல்வியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதுதான் பெற்றோர் முன்னால் இருக்கும் கேள்வி.

முதலில் உதிரும் பாடம்

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் 1989-ல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவைக்கிறார்கள். அதற்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்பதெல்லாம் வீட்டின் முடிவு.

இந்தச் சுதந்திரத்தில் முதல் ஆளாகக் காணாமல்போகிற பாடம் சரித்திரம். கணக்குக்குப் பயிற்சித்தாள் இருக்கிறது. அறிவியலைச் சமையலறையிலும் தோட்டத்திலும் செய்து காட்டலாம். மொழிக்குக் கதைப் புத்தகம். சரித்திரத்துக்கு? பழைய சமூக அறிவியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தால், பெற்றோருக்கே அன்றைய மனப்பாடத் தலைவலி திரும்ப வந்துவிடுகிறது. திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், சமூக அறிவியலைத் தொடாமலே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வாங்கிவிடவும் முடியும்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். பரீட்சைக்காகப் படிக்கவேண்டாம் என்ற நிலை வந்தபிறகுதான் சரித்திரத்தை அதன் ருசிக்காகப் படிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

வீட்டில் படித்தவர்கள்

பள்ளிக்கு வெளியே சரித்திரம் சொல்லித் தந்த தகப்பன்களில் நாடறிந்தவர் நேரு. 1928 கோடையில் பத்து வயது இந்திரா மசூரியில், அவர் அலகாபாத்தில். பூமி உண்டான கதை, மனிதன் ஊர்களை அமைத்துக்கொண்ட கதை என்று மகளுக்கு எழுதிய 30 கடிதங்கள் அடுத்த ஆண்டே புத்தகமாயின. 1930 அக்டோபரில், மகளின் பிறந்தநாளுக்கு நைனி சிறையிலிருந்து இன்னொரு வரிசையை ஆரம்பித்தார். வெவ்வேறு சிறைகளிலிருந்து 1933 வரை எழுதியவை மொத்தம் 196 கடிதங்கள். நூலகம் கைக்கெட்டாத இடத்தில், நினைவையும் குறிப்பேடுகளையும் வைத்து எழுதிய உலக சரித்திரம் அது. அடிக்கடி பள்ளி மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வீடே சிறைக்குப் போயிருந்த காலத்தில் கிடைத்த பாடம்.

தமிழ்நாட்டில் இதற்கும் முந்தைய உதாரணங்கள் உண்டு. 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையருக்காக அவருடைய தகப்பனார் நல்ல ஆசிரியர் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடும்பத்தையே இடம்பெயர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுசேர்த்தார். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி (பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி), வயதுக்கு வந்ததும் பள்ளியைவிட்டு நிற்கவேண்டியதாயிற்று. படிப்பு வீட்டுக்குள்ளேயே தொடர்ந்தது. அங்கிருந்து ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவர் போன தூரம் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் படிப்பது ஒரு காலத்தில் சிலருக்கு வழக்கம், சிலருக்குத் தண்டனை. இன்று சிலருக்கு அது விருப்பத் தேர்வு. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளையோடு பேசினாலே அன்றைய பாடம் முடிந்தது.

செர்ரி மரம் வெட்டப்படவே இல்லை

வாழ்க்கை வரலாறு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் சரித்திரம் வந்துவிடுமா? இங்கேதான் பள்ளம் இருக்கிறது.

சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதை நம்மூர் நீதிபோதனை வகுப்புவரைக்கும் வந்து சேர்ந்தது. மேசன் வீம்ஸ் என்ற புத்தக வியாபாரி, தான் எழுதிய வாஷிங்டன் வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் செருகிய கதை அது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்க ஒரு பொய்யைப் பயன்படுத்தினார்கள்! வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுன்ட் வெர்னன் பண்ணையில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள் என்பது நிஜம். அந்த நிஜம் நீதிபோதனைக்குள் நுழையவில்லை.

பிள்ளைகளுக்காக எழுதப்படும் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்க்கப்பட்டவை. ஏழ்மையில் பிறந்தார், தெருவிளக்கில் படித்தார், தடைகளை வென்றார், மறைந்தார். ஊரும் காலமும் எதிராளியும் மங்கிப்போய், ஒரே ஒரு முகம் மட்டும் ஒளிவட்டத்தோடு நிற்கும். உலக சரித்திரமே பெரிய மனிதர்களின் சரித்திரம்தான் என்று 1840-ல் கார்லைல் லண்டனில் பேசினார். அந்தப் பெரிய மனிதரை உண்டாக்கியதே அவருடைய சமூகம்தானே என்று பின்னால் திருப்பிக் கேட்டார் ஹெர்பர்ட் ஸ்பென்சர். பிள்ளைக்கு இந்த இரண்டு பேருடைய பெயரும் தெரியவேண்டியதில்லை. இரண்டு பேருடைய கேள்வியும் தெரியவேண்டும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் இருந்த புளூட்டார்க், வாழ்க்கை வரலாறுகளை ஜோடி ஜோடியாக எழுதினார். ஒரு கிரேக்கர், ஒரு ரோமானியர்; பெரும்பாலான ஜோடிகளின் முடிவில் இருவரையும் ஒப்பிட்டு ஒரு சிறு கட்டுரை. இருபதுக்கும் மேற்பட்ட ஜோடிகள் இன்றும் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் வீட்டில் படித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பாடமுறை வகுத்துத் தந்த சார்லட் மேசன் (1842–1923), புளூட்டார்க்கைப் பிள்ளைகளின் கட்டாய வாசிப்பில் வைத்தார். படித்ததைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அவருடைய முறை.

அந்த ஜோடி உத்தியை நம்மூருக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

1909, 1912: ஒரே மாகாணம், நான்கு வாழ்க்கை

1909-ல் கணிதமேதை சீனிவாச ராமானுஜனுக்குக் கல்யாணம். பெண் ஜானகிக்குப் பத்து வயது. எந்த ராமானுஜன் புத்தகத்திலும் இது ஒரு வரியில் கடந்துபோகும். இப்போது பக்கத்தில் முத்துலட்சுமியின் வாழ்க்கையைத் திறந்துவையுங்கள். அதே 1909-ல் அவர் இருபதுகளில் இருக்கிறார், மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார். 28 வயதை நெருங்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்து, பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் தேவதாசி முறையை ஒழிக்கவும் வாதாடினார். பெண்ணின் திருமண வயது பதினான்கு என்று 1929-ல் சட்டம் வந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு 1947 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ராமானுஜனை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு ஜானகியின் வயது வெறும் தகவல். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளை அதை ஒரு சமூக வழக்கமாகப் பார்க்கும். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கத்தையும் எதிர்த்தவர்கள் அதே காலத்தில் இருந்தார்கள் என்பதும் புரியும்.

இன்னும் மூன்றாண்டு தள்ளி வாருங்கள். 1912 மார்ச்சில் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க். மாதம் 30 ரூபாய் சம்பளம். அதே ஆண்டு முத்துலட்சுமி டாக்டர் பட்டம் வாங்குகிறார். பாண்டிச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதி 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை அச்சுக்குக் கொண்டுவருகிறார். டிசம்பரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறையிலிருந்து வெளியே வருகிறார்.

வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவுசெய்து, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அவரை அடித்துப்பார்த்தது. 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அந்த ஆண்டே கைதானார். நீதிபதி பின்ஹே விதித்தது 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைந்துபோயிருந்தது.

அந்த நேரத்தில் ராமானுஜன் உட்கார்ந்து கணக்கெழுதியது எந்தக் கப்பல்களின் துறைமுகத்தில்? ஒரு தமிழருடைய கப்பல் கம்பெனி மூழ்கடிக்கப்பட்ட கடலில், இன்னொரு தமிழர் 1914 மார்ச்சில் 'நெவாசா' என்ற கப்பலேறி கேம்பிரிட்ஜ் போகிறார். கடல் தாண்டக்கூடாது என்ற ஆசாரத்தையும் மீறவேண்டியிருந்தது. ஆகஸ்டில் முதல் உலகப்போர். செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் அதே சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கி எண்ணெய்க் கிடங்குகளை எரியவிடுகிறது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் சைவ உணவுக்குத் திண்டாடிய ராமானுஜனின் உடல்நிலை இங்கிலாந்தில் சீர்கெடுகிறது. காலனி ஆதிக்கம், கப்பல் வணிகம், ஜாதி ஆசாரம், உலகப்போர் எல்லாம் நான்கு பேரின் வாழ்க்கைக்குள்ளேயே வந்துவிட்டன. தனித்தனிப் பாடமாக நடத்தினால் இவை நான்கு தலைப்புகளாகவே நின்றுவிடும்.

1920-ல் ராமானுஜன் 32 வயதில் மறைகிறார். ஜானகி 1994 வரை வாழ்ந்தார். தையல் வேலை செய்து தன்னைப் பார்த்துக்கொண்டார், ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். மேதையின் வரலாறு முடிந்தபிறகும் எழுபத்து நான்கு ஆண்டுகள் ஓடிய வாழ்க்கைக்கு யார் புத்தகம் எழுதுவது? பிள்ளையை எழுதச் சொல்லலாம்.

எதிராளிக்கும் ஒரு பிறந்தநாள்

ஜோடி சேர்ப்பதில் கடினமானது எதிராளியைச் சேர்ப்பது. வ.உ.சி. பிறந்தது 1872. அவரோடு மோதிய பிரிட்டிஷ் அதிகாரி ஆஷ் பிறந்ததும் 1872. அவர் பிறந்த அயர்லாந்தும் அப்போது லண்டனின் ஆட்சியில்தான் இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டபோது, ஆஷ் மனைவியோடு சேர்ந்து, கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். இதைச் சொல்வதால் ஆஷ் நல்லவராகிவிட மாட்டார். அடக்குமுறையைச் செய்தவனுக்கும் குடும்பம் உண்டு, அந்தக் குடும்பஸ்தனைக் கொண்டுதான் சாம்ராஜ்யம் தன் வேலையை நடத்திக்கொண்டது என்பது பிள்ளைக்கு விளங்கும். அரக்கர்கள் ஆண்டார்கள், வீரர்கள் விரட்டினார்கள் என்று மட்டும் படித்து வளரும் பிள்ளைக்கு இன்றைய அதிகார வர்க்கம் எப்படி இயங்குகிறது என்பது எப்போதுமே புரியாது.

வ.உ.சி.யின் பின்வாழ்க்கையில் இன்னொரு முடிச்சு. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னது பறிபோய், சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பிறகு அந்தச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர்வைத்தார் வ.உ.சி. சினிமாவில் பார்த்த கப்பலோட்டிய தமிழருக்குள் இந்த மனிதரைப் பொருத்துவது பிள்ளைக்குச் சிரமமாக இருக்கும். அந்தச் சிரமத்தில்தான் சரித்திரம் பழகுகிறது.

புத்தகம் எழுதப்படாதவர்கள்

வாழ்க்கை வரலாறு யாருக்கு எழுதப்படுகிறது? படித்தவருக்கு, பதவியில் இருந்தவருக்கு, பெரும்பாலும் ஆணுக்கு. இந்தக் கேள்வியைப் பிள்ளை ஒருநாள் கேட்டே தீரும். பதில் சொல்லத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகலாம்.

ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு அவருக்கு என்பதும் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதில் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அந்த ஊரிலிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரம், 100 கலம் நெல் ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் வரும், இடம்மாறுவது அவர் விருப்பமா, ஆணையா என்று தேடும் பிள்ளை, ராஜராஜனின் பட்டப்பெயர்களை ஒப்பிக்கும் பிள்ளையைவிடச் சோழர் காலத்துக்குள் ஆழமாகப் போயிருக்கும். ஆயிரம் ஆண்டு தள்ளி, அந்தப் பெண்ணின் தொழில்மரபில் வந்த குடும்பங்களின் கதை முத்துலட்சுமியின் சட்டத்தில் வந்து முட்டுகிறது. ஏனென்றால் முத்துலட்சுமியின் தாயார் இசை வேளாளர் குலத்தவர்.

பிறர் எழுதக் காத்திராமல் தாங்களே எழுதிவைத்தவர்களும் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த செய்தியும், சந்தை நிலவரமும், கவர்னர் மாளிகை வம்பும் ஒரே பேனாவில் வரும். அம்பேத்கர், ஒன்பது வயதில் அண்ணனோடு தகப்பனாரைப் பார்க்கக் கோரேகாவுன் கிளம்பி, மசூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுத்ததால் தவித்து நின்றதைத் தானே எழுதியிருக்கிறார். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தீண்டாமையை விளக்க இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளையின் அந்த ஒருநாள் பயணத்தைவிட நல்ல பாடநூல் இல்லை.

'நம்ம ஆளு' ஆபத்து

வீட்டுக்கல்வியின் பெரிய பலம் வீடு. பலவீனமும் அதுவே. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது வீட்டுப் பின்னணி. வீட்டில் ஒரே பின்னணி. தலைவர்களின் படங்களை ஜாதிவாரியாகப் பங்குபோட்டுக்கொண்ட சமூகம் நம்முடையது. வீட்டு அலமாரியில் 'நம்ம ஆளு' வரலாறு மட்டும் இருந்தால், ஹோம்ஸ்கூலிங் பிள்ளை பாடநூல் படிக்கும் பிள்ளையைவிடக் குறுகலான சரித்திரத்தோடு வெளியே வரும். பாடநூல் வறட்சியாக இருக்கலாம். ஆனால், அதை எழுதுவதற்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று வாழ்க்கை படித்தால், அதில் ஒன்று உங்கள் வீட்டுக் கொள்கைக்கு ஒத்துவராதவருடையதாக இருக்கட்டும். பாரதியைக் கொண்டாடும் வீட்டில், அதே காலத்தில் சென்னையிலிருந்து 'தமிழன்' பத்திரிகை நடத்தி, சுதேசி இயக்கத்தையே ஒடுக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து கேள்விகேட்ட அயோத்திதாசரும் மேசைக்கு வரவேண்டும். வ.உ.சி. கைதான 1908-ஐ இருவரும் எப்படிப் பார்த்தார்கள் என்று வாசித்தால் வாதம் சூடாகும். ஆகட்டும்.

பெட்டி: வீட்டில் செய்து பார்க்க

● ஏழெட்டு வயதுவரை கதையாகச் சொல்லுங்கள். நாயகரின் சிறுவயதில் தொடங்குங்கள். ஆண்டுகள் வேண்டாம்.

● ஒன்பது வயதுக்கு மேல் சுவரில் நீளமான காலக்கோடு. படிக்கும் ஒவ்வொருவருக்கும் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு வண்ணக்கோடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று போகும் இடங்களில் என்ன நடந்தது என்று தேடவையுங்கள். வாழ்க்கை வரலாறுகள் வழியாகப் படிப்பதில் முன்பின் குழம்பும் என்ற குறைக்கு இதுதான் மருந்து.

● பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரே ஆளைப் பற்றி இரண்டு புத்தகங்கள்: ஒன்று அவரே எழுதியது, ஒன்று பிறர் எழுதியது. எங்கே முரண்படுகின்றன? உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' நல்ல தொடக்கம். 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942-ல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றது. திண்ணைப் பள்ளிக்கூடம், சாப்பாடு, வழிப்பயணம் என்று 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமை அதில் முழுசாக இருக்கிறது.

● படம் பார்த்தபிறகு புத்தகம். 'கப்பலோட்டிய தமிழன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எதுவானாலும், எது நடந்தது, எது வசனகர்த்தா சேர்த்தது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள்.

● நேரில் போக: கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு, ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லம், உத்தமதானபுரத்தில் உ.வே.சா. நினைவில்லம்.

எப்போது போதும்?

பரீட்சை இல்லாத படிப்பில் பெற்றோரை உறுத்தும் கேள்வி, பிள்ளை தேறிவிட்டதா என்பது. தேதிகளை ஒப்பிக்கிறதா என்று பார்க்கவேண்டாம். புதிதாக ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கையில் கொடுங்கள். இருபது பக்கம் படித்துவிட்டு, "இவர் இதைச் செய்தபோது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இதை இவரே சொல்கிறாரா, வேறு யாராவது சொல்கிறார்களா?" என்று பிள்ளை தானாகக் கேட்கிறதா? கேட்டால், அதற்குச் சரித்திரம் படிக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த புத்தகத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். அது தேர்ந்தெடுக்கும் ஆள் உங்களுக்குப் பிடிக்காதவராக இருந்தால், தடுக்காமல் நீங்களும் சேர்ந்து படியுங்கள்.